சேம் டு சேம் அண்ணன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடை, காசிமேட்டு விசைப்படகுகளுக்கு லீவு. அண்ணனுக்கு அப்போதுதான் சீசன். அவர் மெக்கானிக் இல்லை, போட்டுக்காரரும் இல்லை. எங்கே இன்ஜின் இறங்குகிறதோ அங்கே இருப்பார். கையில் மஞ்சப்பை, வாயில் ஒரே வாக்கியம்: "ரெண்டும் சேம் டு சேம்பா!"

இந்த வருஷம் இறங்கியது பழைய லேலண்ட் 400. லைனர் தேய்ந்து, ஒரு பிஸ்டன் கிராக். அண்ணன் புதுப்பேட்டை போய் மஞ்சப்பையில் பிஸ்டனோடு திரும்பினார்.

"இன்னாண்ணா, இது 370 ஆச்சே?" என்றார் மேஸ்திரி.

"நம்பர்ல இன்னா நைனா கீது? அதுவும் எண்ணூரு கம்பெனி, இதுவும் எண்ணூரு கம்பெனி. 1955ல லேலண்டுனு பேரு வச்சப்பவே எங்க மாமா அங்க வேலைல இருந்தாரு!"

நம்பரில்தான் எல்லாமே இருக்கிறது. 370, 400 என்பதெல்லாம் ஆறு சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலக் கணக்கில். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அண்ணன் சொன்னது பாதி சரி. முழுத்தப்பு சொல்பவரைத் திருத்திவிடலாம், பாதி சரியானவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. மிச்சப் பாதி விட்டத்தில் இருக்கிறது: 370 பிஸ்டன் சுமார் 4 மில்லிமீட்டர் சின்னது. மேஸ்திரி பேசாமல் அதை லைனருக்குள் விட்டுக் காட்டினார். அப்பா சட்டைக்குள் பிள்ளை மாதிரி ஆடியது.

"ரிங்கு கொஞ்சம் பெருசா போட்டா புடிச்சிக்கும்."

இதாவது வாய்ப்பேச்சு. மறுநாள் ஒத்தாசை செய்ய வந்துவிட்டார். கழற்றி வரிசையாக வைத்திருந்த கன்ராடுகளின் கேப் ஆறையும் வாரி ஒரே தட்டில் போட்டு, டீசலில் பளபளவென்று கழுவிவிட்டார். ராடும் அதன் கேப்பும் சேர்த்து வைத்துக் கடையப்பட்ட ஜோடி. ஜோடி மாறினால் துளை வட்டம் பிசகும், பேரிங் தீய்ந்துவிடும். நல்லவேளையாக நம்பர் அடித்திருந்தது. மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்து ஜோடி சேர்த்ததில் அரை நாள் போயிற்று. பக்கத்தில் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிஸ்டன், லைனர், ரிங் எல்லாம் கடைசியில் ஒரே பெட்டியில் புது செட்டாக வந்தன. தடை முடிந்த நள்ளிரவு இன்ஜின் சீராக உறுமிக்கொண்டு கிளம்பியது. கரையில் அண்ணன், "சத்தத்தப் பாத்தியா? நம்ம சாமான்!" என்றார்.

அவர் சாமான் டீக்கடையில் இருக்கிறது. பிஸ்டனின் தலைக்குழியில் மணல் நிரப்பி, முருகன் படத்தின் முன்னால் ஊதுவத்தி குத்தியிருக்கிறார்கள். கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது.