கெலவரப்பள்ளிக்கு எத்தனை குதிரை வேண்டும்?

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் ‘ஹாட் ஹேட்ச்’ கார் வாங்கலாமா கூடாதா என்பது நாட்டின் தலையாய பிரச்சினை அல்ல என்று எனக்கும் தெரியும். அணையின் மதகைத் திறந்தால் தண்ணீரோடு நுரையும் மலைமலையாக வருகிற ஊர் இது. பெங்களூருவில் குளித்த சோப்பும் துவைத்த பவுடரும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையில் சேர்ந்து எல்லை தாண்டி வந்து, நந்திமங்கலம் பக்கத் தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தையே நிறுத்திய மழைக்காலங்கள் உண்டு. சாலை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய இடத்தில், சாலையில் சீறிப் பாய ஒரு வண்டி எதற்கு என்று கேட்பவர்களின் வாதம் பலமானதுதான். ஆனால் யோசிக்க யோசிக்க எனக்குத் தலைகீழான முடிவே கிடைக்கிறது. வேகமாகப் போக வழியே இல்லாத ஊருக்குப் பொருந்துகிற வேக வண்டி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஹாட் ஹேட்ச் ஒன்றும் தேவலோகத்து வாகனமல்ல. பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் சாதாரணக் குடும்பக் காருக்குள் வசதிக்கு மீறிய இன்ஜினை வைத்து, சஸ்பென்ஷனை இறுக்கி, பம்பரில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தால் ஆயிற்று. 1976-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 110 குதிரைத்திறனோடு இந்த வம்சத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. நம் நாட்டுக்கும் இந்த வம்சத்தார் வந்தார்கள். வந்த வேகத்திலேயே திரும்பியும் போனார்கள். ஃபியட் பாலியோ 1.6 வந்து போயிற்று. 2015-இல் 145 குதிரையோடு அபார்த் புன்டோ வந்து போயிற்று. 2016-இல் வந்த போலோ ஜி.டி.ஐ.க்கு 192 குதிரை, 25.99 லட்ச ரூபாய் விலை, ஆட்கள் ஏற இரண்டே கதவு. இருபத்தாறு லட்சம் கொடுத்துவிட்டு, முன்சீட்டை மடக்கி மாமியாரைப் பின்னால் அனுப்பும் காட்சியை நினைத்துப் பார்த்தால், அது ஏன் இங்கே வேரூன்றவில்லை என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டியதில்லை. நம் மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு: கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு கூட்டுச் சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி.யைக் கொண்டுவந்தது. 6.39 லட்சத்துக்கு 114 குதிரை. குதிரைச் சந்தையில்கூட அந்த விலைக்குக் கிடைத்திருக்காது. 2020-இல் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு பேசுவதற்கு மிஞ்சியவை, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்கிற ஐ20 என் லைன், 2024-இல் வந்த டாடா அல்ட்ரோஸ் ரேசர் ஆகியவை. இரண்டும் 120 குதிரை. ஐரோப்பிய ரசிகர்கள் இவற்றை ஹாட் என்று ஏற்கமாட்டார்கள், வெதுவெதுப்பு என்பார்கள். அவர்கள் ஊர் குளிருக்கு அவர்கள் கணக்கு.

இந்த வெதுவெதுப்பு எப்படி வந்தது என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்தார்கள். நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.யைத் தாண்டக் கூடாது. அன்றிலிருந்து நம் நாட்டுக் கார் வடிவமைப்பாளர்கள் ஒரு கையில் பென்சிலும் மறு கையில் வரிச் சட்டமுமாக உட்கார்ந்தார்கள். ஐ20-யின் நீளம் 3,995 மில்லிமீட்டர், அல்ட்ரோஸின் நீளம் 3,990. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் முதல் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். ஆக, வேகம் வேண்டும் என்றால் இன்ஜினைப் பெரிதாக்கும் வழி அடைபட்டுவிட்டது. மிச்சமிருந்தது டர்போ. புகையாக வெளியே போகும் காற்றின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்றவைத்து, உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணித்தால், 998 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின் தன்னைவிடப் பெரிய இன்ஜினின் வேலையைச் செய்கிறது. இதில் ஒரு பக்கவிளைவு. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டித்தான் தங்கள் முழு இழுவிசையைக் கொடுக்கும். ஐ20 என் லைன் இன்ஜினின் முழு இழுவிசையான 172 நியூட்டன் மீட்டர் 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. அல்ட்ரோஸ் ரேசரில் 1,750 சுற்றில் 170. அதாவது நம்மவர்கள் ‘பிக்கப்’ என்று சொல்வது, ஆக்சிலரேட்டரில் கால் பட்டவுடனே வந்துவிடுகிறது. வரி மிச்சம் பிடிக்கப் போய், 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் உற்சாகம் தரும் வண்டியைச் செய்து வைத்துவிட்டார்கள்.

இனி ஓசூர் சாலைகளைப் பாருங்கள். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை காகிதத்தில் அகலமானது. நேரில் ஜூஜூவாடியில் எல்லையைக் கடந்து அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று ஒவ்வொரு ஊராகக் கும்பிட்டுக்கொண்டே போக வேண்டும். சிப்காட் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் மூன்று வரிசையில் நின்று நான்காவது வரிசையைத் தேடும். அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து கேபின்கூட இல்லாத வெறும் சேஸிஸை, ஹெல்மெட்டும் முகத்தில் துண்டுமாக ஒருவர் ஓட்டிக்கொண்டு போவார். இந்தியாவிலேயே காற்றோட்டமான வாகனம் அதுதான், அதை முந்தும்போது சற்று மரியாதையாக முந்த வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 80-க்கு மேல் போகக் கூடாது, கீழ்ச்சாலையில் 80 போவதாகக் கனவுகூட வராது. நாற்கரச் சாலையில் 100, விரைவுச் சாலையில் 120 என்று மத்திய அரசு 2018-இல் வேக வரம்பை உயர்த்தியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஓசூர்க்காரர்கள் இரண்டு செய்தியையும், வேறு நாட்டுத் தேர்தல் முடிவைப் படிப்பதுபோலப் படித்தார்கள்.

இப்படிப்பட்ட சாலையில் எந்த வண்டி மகிழ்ச்சி தரும்? இரண்டு டன்னை நெருங்கும் எஸ்.யூ.வி. 40-இல் போகும்போது அது போவதே உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அதற்குத்தான் அத்தனை காசு. அதில் கொஞ்சம் பரபரப்பு வேண்டும் என்றால் 130, 140 தொட வேண்டும், அது சட்டப்படி குற்றம், சூளகிரி மேட்டில் லாரிகளுக்கு நடுவே தற்கொலை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். ஒரு டன்னுக்குச் சற்று மேலே எடையும் தாழ்ந்த இருக்கையும் இறுகிய ஸ்டியரிங்கும் உள்ள சின்னக் காரில், இரண்டாம் கியரில் 20-லிருந்து 50-க்கு வருவதே ஒரு நிகழ்ச்சி. ஒரு வேகத்தடைக்கும் அடுத்ததற்கும் நடுவே இருநூறு மீட்டர் கிடைத்தால் அன்றைய திருவிழா முடிந்துவிடும், எந்தச் சட்டமும் உடையாமல்.

“வேகம்தான் வேண்டும் என்றால் பைக் வாங்கு, நம்மூரிலேயே செய்கிறார்கள்” என்பது ஓசூருக்கே உரிய ஆட்சேபம். இதற்குப் பதில் சொல்வது லேசல்ல. 1980-இல் டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டில் ஆரம்பித்த ஊர் இது, அதே டி.வி.எஸ். இன்று இங்கே செய்கிற அபாச்சி ஆர்.ஆர். 310-க்கு 38 குதிரை, எடை 174 கிலோ. ஒரு டன்னுக்கு எத்தனை குதிரை என்று கணக்குப் போட்டால் 218 வருகிறது. நம் ஹாட் ஹேட்சுக்கு நூற்றுச் சொச்சம். சிக்னலில் அபாச்சிக்காரப் பையன் பக்கத்தில் வந்து நின்றால், ரேடியோவைத் திருகுவதுபோல் பாவனை செய்வதே உத்தமம். ஆனால் மழையில் பைக் ஓட்டுபவர் பாலத்தடியில் ஒதுங்கி நிற்பார், மனைவியும் குழந்தைகளும் பால் பாக்கெட்டும் அரிசி மூட்டையும் அவரோடு வர முடியாது. குதிரைத்திறனைக் குடும்ப அட்டையில் உள்ள உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் கார் ஜெயிக்கிறது.

வண்டியின் அடி தட்டுமே என்பார்கள். தட்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் கட்டியிருந்தால் 16, 17 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள வண்டி பூப்போல ஏறி இறங்கிவிடும். ஊர்க்காரர்கள் ஜல்லி மிச்சமிருந்த அளவுக்குக் கட்டியவற்றை மூலைவாட்டில்தான் கடக்க வேண்டும். அஞ்செட்டி மலைப்பாதைக்கு நல்ல வண்டியாயிற்றே என்று ஆசைப்படுகிறவர்கள் பகலில் போகட்டும். தேன்கனிக்கோட்டைக் காட்டிலும் சானமாவுக் காட்டிலும் யானைகள் உலவுகின்றன. 120 குதிரைக்கு எதிரே ஒரே ஒரு யானை வந்து நின்றால் ரிவர்ஸ் கியர் மட்டுமே உதவும். மைலேஜ் குறையும், உண்மை. அதற்குமேல் அதைப் பற்றி நினைக்காமலிருப்பது உடம்புக்கு நல்லது.

எல்லாவற்றிலும் கடுமையான ஆட்சேபம் வீட்டுக்குள்ளிருந்து வரும். “மேல ரெண்டு லட்சம் போட்டா பெரிய வண்டியே வருமே!” தமிழ்நாட்டில் எந்தப் பொருளை வாங்கப் போனாலும் இந்த இரண்டு லட்சம் யார் பையிலிருந்தோ எட்டிப் பார்க்கும். இங்கே நம் மாநில அரசே நமக்குத் துணை. 2023 நவம்பரிலிருந்து, 10 லட்சத்துக்குட்பட்ட காருக்கு ஆயுள் வரி 13 சதவீதத்தைத் தாண்டாது; 10 லட்சத்தைத் தாண்டினால் 18-க்குக் குறையாது. அதாவது 10 லட்சக் கோட்டை ஆயிரம் ரூபாயில் தாண்டினாலும் அரை லட்சம் கூடுதல் வரி. அந்த இரண்டு லட்சம் தனியாக வருவதில்லை, வரியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கர்நாடகத்தில் பதிவு செய்து தப்பலாம் என்று சிலர் கண்ணடிப்பார்கள். அங்கேயும் 14, 17 என்று போய் அதன்மேல் செஸ் இருக்கிறது. போதாததற்கு, வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு.

இந்த வம்சம் அற்பாயுசு, நாளைக்கு உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது என்ற கவலை நியாயமானது. ஆனால் மேலே சொன்னபடி இது வேஷம் போட்ட குடும்பக் கார். என் லைனின் இன்ஜின், தெருவுக்குத் தெரு நிற்கிற வென்யூ டர்போவில் உள்ள அதே இன்ஜின். ஜே.டி.பி.யின் கதவும் கண்ணாடியும் சாதாரண டியாகோவுடையவை. பேட்ஜ் மட்டும்தான் கிடைக்காது.

என்னை உண்மையிலேயே ஆட்டுகிற ஆட்சேபம் ஒன்றுதான். சுற்று பூஜ்யத்திலேயே முழு இழுவிசை கொடுப்பது மின்மோட்டார். ஏத்தர் ஓசூரில் ஸ்கூட்டர் செய்கிறது, ஓலா போச்சம்பள்ளியில் செய்கிறது. எங்கள் மாவட்டமே மோட்டாருக்கு மாறிக்கொண்டிருக்கும்போது, 1,500 சுற்றைக் காட்டி நான் போடும் வாதம் என் காலையே வாருகிறது. குறைந்த வேகத்தில் உற்சாகம் என்பதுதான் அளவுகோல் என்றால், நாளை ஒரு கம்பெனி நான்கு மீட்டருக்குள், எடை குறைவாக, இறுக்கமான சஸ்பென்ஷனோடு ஒரு மின்சார ஹேட்ச் கொண்டுவந்தால் நான் மறுபேச்சில்லாமல் தோற்றுப்போவேன். இன்றைக்கு பேட்டரியின் கனம் என் பக்கம் இருக்கிறது. இடது காலுக்கும் இடது கைக்கும் வேலை கொடுக்கும் கியர் என் பக்கம் இருக்கிறது. இந்தப் போக்குவரத்தில் கிளட்ச் மிதித்தால் முட்டி போய்விடும் என்பார்கள். கியர் மாற்றாமல் பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு முட்டி மிஞ்சும், மூளை மரத்துப்போகும்.

ஆகவே வாங்கலாம். மேனுவல் கியர், 10 லட்சத்துக்குள், டி.என். 70 என்ற ஓசூர்ப் பதிவு. சன்ரூஃப் உள்ள மாடலுக்குப் போனால் வரிக் கோடு தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் வேண்டாம் என்று வீட்டில் எடுத்துச் சொல்லும் பொறுப்பை மட்டும் வேறு யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.