கொல்லாமரத்தடி யெஸ்டி
மார்த்தாண்டத்தில் கொல்லாமரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த யெஸ்டி பைக்கை ஓடவைப்பதுதான் என் முதல் திருப்பணி. அதைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவாக்காரர்கள் 1996-இலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். நானோ வெட்டுமணியிலிருந்து பம்மம் வரை, மேம்பாலத்து நிழலில், உதிரிபாகம் தேடி அலைகிறேன்.

விசித்திர வண்டி. உள்ளே அமுக்கி மேலே தூக்கினால் கிக்கர். உதைத்தபின் முன்னால் மடக்கினால் அதே கம்பிதான் கியர். முதல்நாள் கிக்கர் என்னைத்தான் உதைத்தது.

"லேசா அழகுபடுத்துவமா?" என்றேன். மெக்கானிக் அண்ணன் நிமிராமலே சொன்னார்: "மக்கா, முதல்ல ஓடட்டும்."

அதுவும் சரிதான். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு விடாது. துருவுக்கு மட்டும் அனுமதி தேவையில்லை.

ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். இடப்பக்கத்தது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.