நெல்லிவாசல்நாட்டின் ஆங்கிலச் சொல்வளம்: ஓர் அவசரமற்ற ஆய்வு

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் உண்டு. இங்கே விளையும் சாமையைப் பற்றியும், வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றியும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நெல்லிவாசல்நாடு என்று ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பெயருக்குள் என்னென்ன ஆங்கிலச் சொற்கள் விளையும் என்று பார்க்க மட்டும் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை போலும். எமக்கு வாய்த்தது.

இத்துறை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு செய்யுளின் எழுத்துகளைக் கொண்டே இன்னொரு செய்யுளைப் பிறப்பிப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்று பெயரிட்டு, சித்திரகவி வகைகளில் ஒன்றாகத் தண்டியலங்காரம் சேர்த்திருக்கிறது. அதன் பிற்கால வடிவம், சார் வராத பீரியடுக்கு வந்த வேறொரு சார் கரும்பலகையில் நீளமான சொல் ஒன்றை எழுதி, "இதுலேர்ந்து எத்தனை வார்த்தை வரும், சத்தம் போடாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வது.

ஆய்வு எல்லை வருமாறு. பெயரில் மொத்தம் 14 எழுத்துகள். ஏ மூன்று, எல் மூன்று, என் இரண்டு; இ, ஐ, யு, வி, எஸ், டி தலைக்கு ஒன்று. இருப்புக்கு மேல் ஓர் எழுத்தும் கடன் வாங்கக் கூடாது. கற்றுக்குட்டிகள் பெயரை இடமிருந்து வலமாகத் துழாவுவார்கள். விவரம் அறிந்தவர்கள் முதலில் இரட்டைக்கும் மூன்றுக்கும் வேலை தேடுவார்கள். எல் மூன்று இருக்கிறதே, அதை என்ன செய்யலாம்? வில்லா வருகிறது, வெனிலா வருகிறது. மூன்று எல்லையும் ஒரே வாயில் விழுங்கும் சொல்லும் ஒன்று அகப்பட்டது: அலூவியல், அதாவது ஆற்று வண்டல். எட்டு எழுத்து. மலைமேல் வண்டல் எங்கே என்று கேட்பவர்கள் புவியியல் துறையை அணுகவும்.

இங்கேதான் ஆய்வு சுவாரசியமாகிறது. மலையின் பெயர் சொல்லும் சாண்டல் இருக்கிறது. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கை அறிந்தவர்கள் வியக்க மாட்டார்கள். லேண்ட் இருக்கிறது, பக்கத்திலேயே டினையல் என்ற மறுப்பும் இருக்கிறது. வேலிட் இருக்கிறது, இன்வேலிட் எழுத இன்னொரு ஐ வேண்டும், அது இல்லை. சாதிச் சான்றிதழுக்கு அலைபவர்கள் இதைக் கோட்டாட்சியரிடம் எடுத்துச் சொல்லலாம். பலன் கிடைக்கும் என்று யாம் உறுதி கூறவில்லை. வானியலில் சன் உண்டு, மூன் இல்லை. லென்ஸ் உண்டு, மிரர் இல்லை. இதே மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியோ கண்ணாடியை நம்பியே வானம் பார்க்கிறது. அறிவியல் நம் முடிவுகளுக்கு ஒத்துழைக்காதது வருத்தமே.

ரோடு வரவில்லை. ஆர் இல்லை, ஓ இல்லை. மாவட்டத் தலைநகரான திருப்பத்தூரைத் துணைக்கு அழைத்தால் ஆர் கிடைக்கிறது, ஓ அங்கும் கிடையாது. வெளியிலிருந்து ஓ கொண்டுவர 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டியிருக்கும் என்பது எம் ஊகம். பஸ்ஸுக்கு பி இல்லாததால் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஸ்கிராபிள் கட்டைகளை வைத்தும் மதிப்பிட்டோம். ஆங்கிலப் பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்து மதிப்பெண் வகுத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர். அவர் கணக்கில் 14 எழுத்து நெல்லிவாசல்நாட்டுக்கு 18 புள்ளி; ஏழே எழுத்துள்ள ஜவ்வாதுக்கு 21. ஜே ஒன்றே எட்டைத் தருகிறது. ஊர்ப்பெயர் அந்த ஆட்டத்தில் செல்லாது என்பதால் இரண்டுக்கும் சுழிதான்.

இனி ஆய்வின் மையச் சிக்கல். நெல்லிவாசல்நாடு மலைமேல் இருக்கிறது. ஆனால் அதில் ஹில் இல்லை. ஐலண்ட் கூட வருகிறது, ஹில் வரவில்லை! குறைவது ஒரே ஒரு ஹெச். அது பக்கத்திலேயே ஜவ்வாதின் ஆங்கில எழுத்துக்கூட்டில், டி-க்குப் பின்னால், ஒலியின்றி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மலையின் பெயரைச் சிலர் ஜவாதி என்றும் எழுதுகிறார்கள். அதில் ஹெச் போய் ஐ வருகிறது. ஜவாதி எழுதினால் இன்வேலிட் நுழைந்துவிடும், ஹில் வெளியேறிவிடும். விளைவு எவ்வளவு விபரீதம் பாருங்கள்.

ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழொலிக்கு ஏற்பத் திருத்தி 2020இல் அரசு ஆணை ஒன்று வந்தது. வேலூரும் கோயம்புத்தூரும் அடையாளம் தெரியாமல் மாறின. கேலி கிளம்பியதும் சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. மீண்டும் ஒரு குழு அமைந்து, வாசலுக்கும் நாட்டுக்கும் நெடில் காட்ட இரண்டு ஏ கூடுதலாக ஒதுக்கினாலும் எமக்கு மறுப்பில்லை. ஐந்து ஏ வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை என்றாலும். ஜவ்வாதின் ஹெச்சில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.