அமெரிக்காவுக்கு வாக்கப்பட்ட இஷாப்பூர் ரைபிள்

அல்சூர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் ஒரு மென்பொருள்காரருக்கு நாற்பத்தைந்து வயதில் குறிபார்த்துச் சுடும் ஆசை வந்தது. அந்த வயதில் பெங்களூருக்காரர்களுக்கு சைக்கிள் ஆசை வரும், மாரத்தான் ஆசை வரும், கோலார் பக்கம் அரை ஏக்கர் வாங்கி டிராகன் பழம் போடும் ஆசை வரும். இவருக்கு ரைபிள் ஆசை. முன்னனுபவம் உண்டா என்று கேட்டால் இரண்டைச் சொல்வார். கல்லூரி என்.சி.சி.யில் குப்புறப் படுத்து .22 ரைபிளால் சுட்டது ஒன்று. மெரினாவில் பலூன் சுட்டது இன்னொன்று. முதலாவதில் இலக்குக் காகிதம் காயமில்லாமல் திரும்பியது. இரண்டாவதில் பலூன்காரர் லாபம் பார்த்தார்.

ஆசையைக் கிளப்பியவை அமெரிக்க வீடியோக்கள். அங்கே ஓய்வுபெற்ற தாத்தாக்கள் பழைய ராணுவ ரைபிள்களோடு மைதானத்துக்கு வந்து போட்டி போடுகிறார்கள். 1891-இல் ரஷ்யா ஏற்றுக்கொண்ட மோசின்-நாகந்த், சுவீடனின் 6.5 மி.மீ. மௌசர், சுவிஸ்காரர்கள் கடிகாரம் செய்யும் கையோடு செய்ததாகத் தோன்றும் கே31 என்று ஒவ்வொருவர் தோளிலும் ஒரு சரித்திரம். 1903-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி 1996-இல் தனி அமைப்பாக மாறிய ‘சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்’, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் சுமந்த எம்1 காரண்ட் ரைபிளைத் தகுதியுள்ள குடிமக்களுக்கு விற்கிறது. வாங்கியவர் வீட்டு வாசலுக்கே கூரியரில் வரும். இங்கே சமையல் எரிவாயு சிலிண்டரை இறக்கவே ஓ.டி.பி. கேட்கிறார்கள்.

நம்மவர் உடனே எக்செல் ஷீட் போட்டார். எடை, துல்லியம், உதை, தோட்டாவின் விலை, மனைவியின் சம்மதம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் மட்டும் நெடுநாள் காலியாகவே கிடந்தது. மற்றபடி அவர் கணக்கு எளிமையானது. இந்திய ராணுவம் உலகின் பெரிய ராணுவங்களில் ஒன்று. பெரிய ராணுவம் என்றால் பழைய ரைபிள்களும் மலையாகக் கிடக்கும். மலையிலிருந்து ஒன்றைத் தள்ளுபடியில் தரமாட்டார்களா?

பெங்களூரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிராமபோன் கிடைக்கும், அம்பாசிடர் கார்க் கதவு கிடைக்கும், யாரோ ஒருவருடைய தாத்தாவின் மூக்குக்கண்ணாடி அவருடைய பெயர் பொறித்த பெட்டியோடு கிடைக்கும். ரைபிள் மட்டும் கிடைக்காது. இதை அவருக்கு விளக்கியவர் தெருமுனையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்.

“த்ரீ நாட் த்ரீயா தம்பி? சுட்ட தோட்டாவோட காலி உறையையே எண்ணி வாங்குவாங்க. ஒண்ணு குறைஞ்சா மொத்த கம்பெனியும் புல்லுக்குள்ள முட்டி போட்டுத் தேடணும். துப்பாக்கியை உங்களுக்கு யார் தருவா?”

“பழசுதானே ஐயா?”

“பழசுன்னா என்ன? சுட்டா சுடும்ல?”

சட்டமும் அதையேதான் சற்று நீளமாகச் சொல்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் .303, 7.62 மி.மீ. ஆகிய ராணுவ அளவுத் தோட்டாக்களைச் சுடும் ரைபிள்களைச் சாதாரண லைசென்ஸுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன. காரணம் பிரிட்டிஷ் காலத்துப் பயம். சிப்பாயின் தோட்டாவும் குடிமகனின் துப்பாக்கியும் ஒரே அளவாக இருந்தால், கிடங்கில் காணாமல் போகிற தோட்டா எங்கே போய்ச் சேரும் என்ற பயம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுக்கும் இங்கே தடை வந்தது. யானை, புலி வேட்டைக்கு வந்த துரைமார் கையைப் பிசைந்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் பிசையவில்லை; .465, .470 என்று துளையைக் கொஞ்சம் அகலமாக்கிப் புது ரகங்களை விற்றன. சட்டத்தில் ஓட்டை தேடுவது கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் துப்பாக்கியின் ஓட்டையையே பெரிதாக்கினார்கள்.

நம்மவருக்கு உண்மையில் வயிறு எரிந்தது இஷாப்பூர் கதையைக் கேட்டபோதுதான்.

கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. பிரிட்டிஷார் காலத்திலிருந்தே லீ-என்ஃபீல்டு ரைபிள்களைச் செய்துவந்த இடம். 1962 சீனப் போருக்குப் பிறகு, அதே பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தை வலுவான எஃகில், 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப அங்கே மாற்றிச் செய்தார்கள். 2ஏ என்று பெயர். அடுத்து வந்த 2ஏ1-இல் குறிபார்க்கும் பலகையின் தூர அளவை 2000-லிருந்து 800-ஆகக் குறைத்தார்கள். சிப்பாய் எவ்வளவு தூரத்தில் உண்மையிலேயே சுட்டு வீழ்த்துவான் என்பதில் அரசாங்கம் ஒருவழியாக நேர்மைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அரைத் தானியங்கி ரைபிள்கள் போதுமான அளவு வந்ததும் இந்த ரைபிளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊருக்குள் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அப்பா, கடைசியில் பெண்ணை அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பது போல, இந்த ரைபிள்களும் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயின. அங்கே பல ஆண்டுகள் மலிவு விலைப் பழைய ராணுவ ரைபிள் வரிசையில் இஷாப்பூருக்கு நிரந்தர இடம் இருந்தது. இந்திய வரிப்பணத்தில் செய்த ரைபிளை டெக்சாஸ் விவசாயி தோளில் மாட்டிக்கொண்டு வார இறுதிப் போட்டிக்குப் போகலாம். வரி கட்டிய அல்சூர்க்காரர் அதை வீடியோவில் பார்க்கலாம்.

.303 ரைபிள்களின் துளையை வழவழப்பாகக் கடைந்து, ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டா சுடும் .410 மஸ்கெட்டுகளாக மாற்றிப் போலீசுக்குக் கொடுத்ததும் இதே தொழிற்சாலைதான். பல்லைப் பிடுங்கிய அந்தக் கிழட்டு மஸ்கெட்டாவது கிடைக்குமா என்று நம்மவர் விதிகளைப் புரட்டினார். அதையும் மறக்காமல் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேச போலீஸ் த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்த செய்தி வந்த அன்று ஹவில்தார் வீட்டுக்கே ஓடினார். ஹவில்தார் செய்தித்தாளை மடித்துக் கொடுத்து, “காபி சாப்பிடுங்க தம்பி” என்றார்.

சட்டப்படி வாங்கக்கூடிய பெரிய ரைபிள் ஒன்று உண்டு. அதுதான் .315 ஸ்போர்ட்டிங் ரைபிள். அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு, உள்ளே லீ-என்ஃபீல்டு எந்திரம், ஐந்து தோட்டா மேகசின். இதில் ஒரு வேடிக்கை. இந்த .315 தோட்டாவின் மூலம் 8 மி.மீ. மான்லிக்கர், ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் தோட்டா. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா இல்லை என்பதால் இந்தியாவில் அது சாதுவாகிவிட்டது. அந்தப் பேரரசு 1918-இல் கலைந்தது; அதன் தோட்டா உத்தரப் பிரதேசத்தில் இன்னும் காவல் காக்கிறது. ஆனால் நம்மவர் கேட்பது போட்டிக்கு. .315-ஐ நீட்டிச் சுட மைதானம் வேண்டும், அதை வைத்துப் போட்டி நடத்த ஆள் வேண்டும், வாங்கும் தோட்டாவுக்கும் வரம்பு உண்டு. இதற்கெல்லாம் முன்னால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் லைசென்ஸ் விண்ணப்பம். ‘எதற்காகத் துப்பாக்கி?’ என்ற கேள்விக்கு, ‘யூடியூப் பார்த்தேன்’ என்று எழுத முடியாது.

இத்தனைக்கும் பெங்களூரு ஆயுதத்துக்கு அந்நியமான ஊர் இல்லை. 1912-இல் இங்கிருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் கேப்டன் மெக்ளின்டாக், முள்கம்பி வேலியைத் தகர்க்க ஒரு குழாய் வெடியை உருவாக்கினார். உலகப் படைகள் இன்றும் அதை ‘பெங்களூர் டார்பிடோ’ என்றே அழைக்கின்றன. கப்பன் பூங்காவுக்குப் பெயர் தந்த மார்க் கப்பன், 1861-இல் குடகு மக்களை ஆயுத ஒழிப்புச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தார். அந்தச் சலுகை வடிவம் மாறி இன்றும் தொடர்கிறது. குடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பரில் கைல்பொல்து திருவிழாவன்று துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடத்துவார்கள். பெங்களூரிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு சொர்க்கம். நம்மவர் எக்செல் ஷீட்டில் ‘குடகில் பிறத்தல்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, உடனே அழித்தார்.

ஆக மிஞ்சியது காற்று.

ஏர் ரைபிள் என்றதும் அவர் முகம் சுருங்கியது. மெரினா பலூன் நினைவு. ஆனால் இந்த நாட்டில் துப்பாக்கிச் சுடும் போட்டியின் பெரும்பகுதி காற்றில்தான் நடக்கிறது. .177 அளவுக்கு மிகாமல், 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிளின் சக்தி 7.5 ஜூல் அளவுதான். அதை வைத்து 10 மீட்டர் தூரத்தில் அடிக்க வேண்டிய பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். அது வட்டமே இல்லை, காகிதத்தில் விழுந்த பேனா முள்ளின் தும்மல். அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தது இதில்தான். 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். அவருக்கு ரைபிள் வாங்கப் பெற்றோர் நிலத்தை விற்ற கதை பல பேட்டிகளில் வந்திருக்கிறது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார்.

நிலத்தை விற்ற கதையை மனைவியிடம் சொன்னது ராஜதந்திரப் பிழை. “என்னங்க, நம்மகிட்ட இருக்கிறது ஃபிளாட். அதுவும் பேங்க்கோடது” என்றார் அவர்.

புது ரைபிளின் விலை அப்படித்தான் பேச வைக்கும். ஜெர்மனியின் ஃபெயின்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டையர் எல்லாமே லட்சங்களில் பேசுகின்றன. அதற்கு மேல் கோட்டு, கால்சட்டை, காலணி. போட்டிக் கோட்டு ஒற்றை மடிப்பில் 2.5 மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது என்று விதி; அதற்குள்ளேயே அது தனியாக நிற்கும், மாட்டியவர்தான் மடங்க முடியாது. உள்நாட்டில் கைக்கு அடக்கமான விலையில் நெடுங்காலம் கிடைத்தது ‘நேஷனல் 35’. செய்தவர்கள் இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி. ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட்டவர்கள் கொஞ்சம் ஒல்லியான குழாயையும் செய்து பார்த்தார்கள். பழகுவதற்கு நல்லது, மாநிலப் போட்டிக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனால் பக்கத்துப் பாதையில் நிற்கும் சிறுமி பாவப்படுவாள். அந்தச் சிறுமிகளையும் லேசாக எண்ண வேண்டாம். பெங்களூருப் பெண் திலோத்தமா சென் 2023 கெய்ரோ உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றபோது வயது 14.

பிறகுதான் ஒரு விஷயம் நம்மவருக்கு உறைத்தது. பெங்களூரிலும் உபரி ரைபிள் இருக்கிறது. ராணுவக் கிடங்கில் அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பரணில். பத்தாம் வகுப்பில் மகனுக்கு வந்த ஒலிம்பிக் கனவு பன்னிரண்டாம் வகுப்பில் நீட்டாகவோ ஜே.இ.இ.யாகவோ மாறும்போது, அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரைபிளை விற்பார். ஜெர்மன் ரைபிள், குறைந்த பயன்பாடு, பெட்டியோடு. மோசின்-நாகந்தைப் போல இதில் போர்க்களத் தழும்பு இருக்காது; ஃபிசிக்ஸ் டியூஷன் கால அட்டவணை ஒட்டிய தடம் இருக்கலாம்.

வீட்டில் பழகத் தூரத்தையும் அளந்தார். பால்கனிக் கதவிலிருந்து சமையலறைச் சிங்க் வரை ஒன்றரை மீட்டர் குறைந்தது. “நடுவுல டிவி எத்தனாவது மீட்டர்ல வருது?” என்று மனைவி கேட்டதோடு அந்தத் திட்டம் முடிந்தது. இப்போது வார இறுதிகளில் ரேஞ்சுக்குப் போகிறார். நொடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் இலக்கைத் தொட கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. அவர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அவர் காட்டும் முன்னுதாரணம் பெங்களூருக்காரரான பிரகாஷ் நஞ்சப்பா. கனடாவில் மென்பொருள் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு வந்து 2013 சாங்வான் உலகக் கோப்பையில் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார், 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் சுட்டார். அவருடைய தந்தையும் துப்பாக்கிச் சுடும் வீரர் என்பதை நம்மவர் சொல்வதில்லை.

பழைய போட்டி ரைபிள் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் சில மாதம் சங்கத்து ரைபிளிலேயே சுடுங்கள். அப்புறமும் ஆசை இருந்தால், விற்பவர் பாரலைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் காற்றுச் சிலிண்டரைத் திருப்பி அதில் பொறித்த தேதியைப் படியுங்கள். பொதுவாக பத்து ஆண்டு என்பது கணக்கு. காலாவதியான சிலிண்டரை மாட்டிக்கொண்டு போட்டிக்குப் போனால் உபகரணச் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பலாம். புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். கூடவே தரும் கோட்டு உங்கள் அளவாக இருக்காது, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.