நாவுக்கு ஏது ஊரடங்கு?

மனிதனுக்கு விதிக்கக்கூடிய தண்டனைகளுள் மிகக் கடுமையானது, அவனை ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கச் சொல்வதுதான் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். கல் உடைக்கச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது உடைப்பான். மலையேறச் சொன்னால் மூச்சு வாங்கிக்கொண்டாவது ஏறுவான். ஆனால் வெளியே வராதே, எதையும் தொடாதே, யாரையும் நெருங்காதே என்று சொல்லி அவனை ஓர் அறையில் உட்கார வைத்துப் பாருங்கள். கைகால்களின் உத்தியோகம் முழுவதையும் நாக்கு ஏற்றுக்கொண்டுவிடும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்கு கொரோனாவை முன்னிட்டு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, கேகாலை மாவட்டத்திலே, தேயிலையும் ரப்பரும் சூழ அமைந்திருக்கும் எங்கள் புளத்கொகுபிட்டியவில் நிகழ்ந்ததும் அதுவே. கேகாலைக்கும் கரவனெல்லைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த பஸ்கள் நின்றன; கடைகள் அடைபட்டன; பாடசாலை மணி அதற்கு முன்பே ஓய்ந்திருந்தது. வதந்தி ஒன்றுதான், பாஸ் கேட்பாரின்றி, முகக்கவசமும் அணியாமல், லயத்துக்கு லயம், டிவிஷனுக்கு டிவிஷன் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

தோட்டத்து ஊரடங்கின் லட்சணம் தனியானது என்பதை வெளியூர் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நாட்டின் ஏனைய பிரஜைகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியதென்றும், பெருந்தோட்டத் தொழிலாளர் மட்டும் வழக்கம்போலப் பெரட்டுக்கு வந்து, பேர் கொடுத்து, கொழுந்து மலைக்கும் பால்வெட்டுக்கும் போக வேண்டியதென்றும் ஏற்பாடாயிற்று. தேயிலை ஏற்றுமதி நின்றால் தேசத்தின் பொக்கிஷம் காலியாகிவிடும் என்ற நியாயம் பெரிய இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. லயத்து ஜனங்களோ அதே உத்தரவிலிருந்து வேறொரு நியாயத்தை வருவித்துக்கொண்டார்கள். கடைக்குப் போகக் கூடாது, மலைக்குப் போகலாம் என்றால், கிருமி கடைவீதியில் இருக்கிறது, மலையில் இல்லை. கோயிலில் கூட்டமாக நிற்கக் கூடாது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கலாம் என்றால், கொழுந்திலே ஏதோ மருந்துச் சத்து இருக்கத்தான் வேண்டும். தர்க்க சாஸ்திரம் கற்ற எந்தப் பண்டிதரும் இந்த அனுமானத்தில் குற்றம் காண முடியாது. பச்சைக் கொழுந்தை மென்று தின்றால் கொரோனா அண்டாது என்ற செய்தி வெகு சீக்கிரத்தில் எங்கள் பக்கத்தில் பிறந்தது. மென்று பார்த்தவர்கள் முகம் சுளித்ததைத் தவிர வேறு உபத்திரவம் ஒன்றும் விளையவில்லை.

ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்ற அறிவித்தலும் வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கட்டிய காம்பராவிலே, மூன்று தலைமுறை படுத்தெழும்புகிற குடும்பத்தில் இந்தக் கணக்கை அமுல்நடத்துவதானால், பாதிப் பேரைக் கூரைத் தகரத்தின்மேல் படுக்க வைக்க நேரிடும். நோய்க்குறி கண்டவரைத் தனியறையில் வைத்து, அவருக்கென்று தனிக் குளியலறையும் ஒதுக்க வேண்டும் என்று ஒரு துண்டுப் பிரசுரம் சொல்லிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற ஹோதாவில் அதை உரக்க வாசித்துக் காட்டிய என்னிடம், லயத்துப் பெரியவர் ஒருவர், “மாஸ்டர், அந்தத் தனியறை எந்தப் பக்கம் இருக்குன்னு அதில போட்டிருக்கா?” என்று மிகுந்த விநயத்துடன் கேட்டார். போட்டிருக்கவில்லை.

எங்கள் வதந்திகளை வரிசைப்படுத்துவதானால் முதல் ஸ்தானம் ஹெலிகொப்டருக்கே உரியது. இரவு வேளையில் ஆகாயத்திலிருந்து மருந்து தெளிக்கப் போகிறார்கள், ஒருவரும் வெளியே தலைகாட்டக் கூடாது, கொடியில் காயும் துணிகளை எடுத்துவிட வேண்டும் என்பது செய்தி. இதே செய்தி அதே காலத்தில் இந்தியாவின் பல நகரங்களிலும் உலாவிற்று என்பதால், எங்கள் ஊர் சர்வதேச விவகாரங்களில் பின்தங்கியிருக்கவில்லை என்பது நிரூபணமாகிறது. அன்றிரவு கொடிகள் வெறுமையாய் இருந்ததையும், தண்ணீர்ப் பீப்பாய்கள் மூடப்பட்டிருந்ததையும், கோழிக்கூட்டின்மேல் ஒரு கொழுந்துப் படங்கு போர்த்தப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருந்ததையும் நானே கண்டேன். ஜன்னல்களை இறுகச் சாத்தியவர்கள், ஹெலிகொப்டரைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலினால், அவற்றில் ஒரு விரற்கடை இடுக்கு மட்டும் விட்டிருந்தார்கள். வந்தது மழை. மறுநாள் காலையில், ஹெலிகொப்டரைக் காணவில்லையே என்று நான் விசாரித்தபோது, செய்தியைக் கொணர்ந்த வாலிபர் சிறிதும் கலங்காமல், “மழையோட கலந்து அடிச்சிட்டாங்க மாஸ்டர்” என்றார்.

ஒவ்வொரு வதந்திக்கும் ஒரு ரிஷிமூலம் உண்டு. அதை ஆராய்வதும் ரிஷிமூலத்தை ஆராய்வது போன்றே வியர்த்தமானது. சொன்னவர் எப்போதும் ஒரு பெரிய டொக்டர். அவருக்குப் பெயர் கிடையாது. கொழும்பிலே கடையில் நிற்கும் பையனின் மச்சானுக்கு அவரைத் தெரியும். வாட்சப்பில் அவர் குரலைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குரல் அழுதுகொண்டே பேசும் என்பதும், இதை இருபது பேருக்கு அனுப்பாவிட்டால் பாவம் வந்து சேரும் என்று முடிக்கும் என்பதும் ஏறக்குறைய நிச்சயம்.

ஹெலிகொப்டரின் பின்னே மஞ்சள் வந்தது. உள்ளூர் விவசாயியைக் காக்கும் பொருட்டு மஞ்சள் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்த அதே சமயத்தில்தான், வாசலில் மஞ்சள் நீர் தெளித்தால் கிருமி படியேறாது என்று நாட்டு மக்கள் ஏகோபித்து முடிவு செய்தார்கள். சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ, ஆயிரங்களைத் தொட்டது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து மஞ்சள் மூட்டைகள் படகுகளில் களவாக வரலாயின. கடற்படையினர் அவற்றைக் கைப்பற்றுவது பத்திரிகைகளில் நித்தியச் செய்தியாயிற்று. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, முறைப்படி பதிவு செய்யப்பட்டுத் தலைமன்னார் வழியாக வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளாய் இருந்தும், ‘கள்ளத்தோணி’ என்ற ஏச்சை நெடுங்காலம் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். மெய்யாகவே கள்ளத்தோணியில் வந்த மஞ்சளை நாடே தேடிப் பூசிக்கொண்டதைப் பார்த்து எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டானதை மறைப்பதற்கில்லை.

அக்டோபர் மாதத்தில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவிற்று என்று தெரிந்ததும் மீனுக்கு ஜாதிப் பிரஷ்டம் விதிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் கூடை கட்டி, ஹோர்னை அடித்துக்கொண்டு வரும் மீன்காரரின் சத்தம் கேட்டால் ஓடி வருபவர்கள், அதே சத்தம் கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். மீனின் மானத்தைக் காப்பதற்காக, மீன்பிடித் துறையில் முன்னர் அமைச்சுப் பதவி வகித்த திலிப் வெதஆராச்சி, நவம்பர் 17 ஆம் திகதி பத்திரிகையாளர் முன்னிலையில் ஒரு பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார். அந்த வீரச் செயலைத் தொலைக்காட்சியில் கண்ட எங்கள் ஜனங்கள் மீன் நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள்; ஆனால் பச்சையாகத் தின்றால்தான் நல்லது போலும் என்ற புதுச் சம்சயம் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

இவையெல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தது எங்கள் மாவட்டத்து ஹெட்டிமுல்லவில் உதித்த பாணி. தம்மிக்க பண்டார என்பவர், தேனும் ஜாதிக்காயும் சேர்ந்த ஒரு மருந்தைத் தயாரித்து, அதன் செய்முறையைக் காளி தமக்கு அருளியதாக அறிவித்தார். 2020 டிசம்பர் 8 ஆம் திகதி, கூட்டம் கூடாதீர்கள் என்ற சட்டம் உயிரோடிருக்கையிலேயே, ஆயிரக்கணக்கானோர் நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்து, கொரோனாவுக்குரிய மருந்தைப் பெறுவதற்காகத் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். சுகாதார அமைச்சராயிருந்த பவித்ரா வன்னியாராச்சி பகிரங்கமாக அதைப் பருகினார். அதற்கு முந்திய மாதத்திலேதான் அவர் நோய் நீங்கும்பொருட்டு மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றில் இட்டிருந்தார். ஜனவரியில் அவருக்கே கொரோனா கண்டு, தெய்வாதீனமாகக் குணமடைந்து திரும்பினார்.

இந்தச் சம்பவத்தில் எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு ஏற்பட்ட வியாகூலம் மருத்துவ ரீதியானதன்று. காளியம்மனுக்குப் பொங்கலிட்டு, கரகம் எடுத்து, தலைமுறை தலைமுறையாக உபசரித்து வருகிறவர்கள் நாங்கள். அப்படியிருக்க, தாயானவள் இத்தனை பெரிய ரகசியத்தைச் சொந்தப் பிள்ளைகளிடம் பிரஸ்தாபிக்காமல் ஹெட்டிமுல்லவுக்குப் போய்ச் சிங்களத்தில் சொன்னது ஏன் என்பதே கேள்வி. தோட்டத் தலைவர்களுக்குள் இதுபற்றி விவாதம் நடந்தது. திருவிழாச் செலவில் கை வைத்ததன் பலன் என்று ஒரு கட்சி. அம்மன் நம்மிடமும் சொல்லியிருப்பாள், நமக்குத் தேன் வாங்க வசதியில்லை என்பதை உத்தேசித்து விட்டிருப்பாள் என்று மற்றொரு கட்சி.

படியாத மலைநாட்டு ஜனங்கள் இப்படித்தான் என்று எவரும் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். நாகரிகத்தின் தாயகம் என்று சொல்லப்படும் பிரிட்டனில், 5ஜி அலைதான் நோயைப் பரப்புகிறது என்று தொலைபேசிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். கோயம்புத்தூரில் ஓர் ஆதீனத்தார் கொரோனா தேவிக்குச் சிலையே பிரதிஷ்டை செய்தார்கள். ஈரானிலோ, மதுபானம் கிருமியைக் கொல்லும் என்று நம்பி மெத்தனோலைக் குடித்த நூற்றுக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். அங்கே சிரிப்புக்கு இடமில்லை. 1896 இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு சென்று ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். நோயாளியை அங்கே கொண்டுபோவது கொல்வதற்கே என்ற வதந்தி அவர்களுக்கு முன்னே போயிருந்தது.

மேலும், ஊரடங்கு வந்த அந்த ஆண்டில் நாங்கள் கேட்ட செய்திகளுள் மிக நீண்ட ஆயுளுடன் விளங்கியது வாட்சப்பில் வந்ததன்று. எழுநூறு ரூபாவாயிருந்த அடிப்படை நாட்சம்பளம் 2020 மார்ச் 1 ஆம் திகதி முதல் ஆயிரம் ரூபாவாகும் என்று அரசாங்கமே ஜனவரியில் அறிவித்திருந்தது. மார்ச் வந்தது, ஊரடங்கும் வந்தது, ஆயிரம் ரூபா மட்டும், வீதித் தடையில் அகப்பட்டுக்கொண்டதோ என்னவோ, மறு ஆண்டு மார்ச் மாதத்தில்தான் வர்த்தமானியில் வந்து சேர்ந்தது. ஹெலிகொப்டரை நம்பியவனைப் பரிகசிப்பவர்கள், ஓராண்டு காலம் இதை நம்பிக்கொண்டு கொழுந்து பறித்தவனுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

இதனையெல்லாம் கண்ட பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அதிகாரிகளின் அறிவித்தல்கள் எல்லாம், செய்யாதே, போகாதே, கூடாதே என்று விலக்குவனவாகவே இருந்தன. கைகழுவச் சொன்னது ஒன்றுதான் விதிவிலக்கு, அதற்கும் பொதுக் குழாயில் தண்ணீர் வர வேண்டியிருந்தது. வதந்தி அப்படியன்று. அது பயந்தவனின் கையில் உடனே ஒரு வேலையைக் கொடுத்தது: துணியை எடு, மஞ்சளைக் கரை, மல்லியை அவி, இருபது பேருக்கு அனுப்பு. கொழும்பில் சிக்கிய மகனைப் பற்றியும், கடைக் கணக்கைப் பற்றியும், ஐயாயிரம் ரூபா நிவாரணத்துக்குரிய பட்டியலில் தன் பெயர் உண்டா என்பதைப் பற்றியும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கிடந்தவனுக்கு, செய்யக்கூடிய காரியம் ஒன்றைக் காட்டுகிறவன் நண்பனாகவே தோன்றுவான்.

இன்னொன்றும் உண்டு. 2016 மே மாதத்து மண்சரிவில் உயிர்களைப் பறிகொடுத்த பிரதேசம் எங்களுடையது. அடைமழை இரவில் அயல்வீட்டுக்காரன் கதவைத் தட்டி, மேலே மண் இறங்குது என்று கத்தினால், ஆதாரம் என்ன என்று கேட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பவன் புத்திசாலி அல்லன். கேட்டவுடன் எழுந்து ஓடுவதும், ஓடும்போதே அடுத்த கதவைத் தட்டுவதும் மலையடிவாரத்தில் வாழ்பவர்களின் தர்மம். அந்தத் தர்மத்தைத்தான் அவர்கள் கொரோனாவுக்கும் அனுஷ்டித்தார்கள்.

2021 இல் தடுப்பூசி தோட்டங்களுக்கு வந்தபோது, கடைசி வதந்தியும் கூடவே வந்தது: ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரண்டு வருஷத்தில் செத்துப்போவார்கள். சுகாதார அலுவலகத்தின் அறிவித்தல் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் எதிரே வரிசை இல்லை. எங்கள் தோட்டத்து மருத்துவிச்சியம்மா, லயத்துப் பிள்ளைகளுள் பாதிப் பேரின் பிரசவம் பார்த்தவர், அறிவித்தலைத் திரும்பிப் பாராமல், ஒரு நாற்காலியைக் களத்தின் நடுவே இழுத்துப் போட்டு, எல்லோரும் பார்க்கத் தம் கையைச் சுருட்டிவிட்டு முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். அடுத்தபடி எழுந்து வந்தவள் எண்பது வயதைக் கடந்த ஒரு கிழவி. “ரெண்டு வருஷம் நிச்சயமாத் தருமா தாயி?” என்று கேட்டாள். “தருமே அப்பாயி.” “அப்ப நல்லாக் குத்து. இத்தனை நாள் எனக்கு யாரும் ரெண்டு மாசத்துக்குக்கூட உத்தரவாதம் தரல்லியே” என்றாள். கூட்டம் சிரித்தது, சிரித்த கூட்டம் வரிசையாயிற்று.

ஆகவே, அடுத்த கொள்ளைநோய்க்கு இப்போதே ஆயத்தம் செய்யும் பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். சுற்றறிக்கைகளைப் பாதியாகக் குறையுங்கள். எஞ்சிய பாதியை லயத்து ஜனங்கள் பேசும் தமிழில் எழுதுங்கள். எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும்போதெல்லாம் எதைச் செய்யலாம் என்றும் சொல்லுங்கள். சொல்வதற்கு அந்த மருத்துவிச்சியைப் போன்ற ஓர் ஆளை அனுப்புங்கள். அதுவும் முடியாதென்றால், கொடுத்த வாக்கைக் குறித்த திகதியிலாவது நிறைவேற்றுங்கள். வாக்குத் தவறாத அரசாங்கம் உள்ள ஊரில் வதந்திக்கு வாடிக்கை குறைவு.