இரண்டு ஓட்டைகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஆங்கிலேயரைப் பார்த்து, "வண்டி நன்றாக ஓடுகிறதா?" என்று கேட்பது அவ்வளவு மரியாதையில்லை. ஓடுகிற வண்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? "இப்போது என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்க வேண்டும். உடனே முகம் மலரும். நாற்காலி வரும், தேநீர் வரும், நம் மாலைப்பொழுது போய்விடும்.

இந்த இனத்தார் இங்கிலாந்தில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். வயது அறுபதுக்கு மேல். காப்பீட்டுக் கம்பெனியிலோ நகராட்சி அலுவலகத்திலோ கோப்புத் தள்ளி ஓய்வு பெற்றவர்கள். உத்தியோக காலத்தில் லட்சக்கணக்கில் பணம் புரளும் தாள்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட மனிதர், வீட்டுக் கராஜில் இரண்டு ஸ்க்ரூ முடுக்க ஒரு குளிர்காலம் முழுக்க யோசிப்பார். அந்த இனத்தில் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

இவரிடம் இருப்பது 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். நிறம் டார்ட்டன் ரெட். வெறுமனே சிவப்பு என்று சொல்லிவிடாதீர்கள், திருத்துவார். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊர்த் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் எம்.ஜி.பி. செய்து தள்ளியிருக்கிறார்கள். ஆகவே இதை அபூர்வ வண்டி என்று சொல்ல வழியில்லை. இவர் அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார். 1965 வரை வந்த எம்.ஜி.பி.யின் வெளிக் கைப்பிடி இழுத்துத் திறப்பது. அதற்குப் பிறகு வந்தது பட்டனை அழுத்தித் திறப்பது. இழுப்பு வண்டிக்கு ரசிகர்களிடையே மவுசு அதிகம். இவருடையது அழுத்து வண்டி. "இழுப்பு வண்டியையெல்லாம் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள். அதனால் நல்ல அழுத்து வண்டிதான் இப்போது அபூர்வம்" என்பது இவர் வாதம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதால் வாதம் இன்னும் தோற்கவில்லை.

வெளிக் கைப்பிடியால் தொல்லையில்லை. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தும்போதுதான் வம்பு. பிடித்து இழுக்க உட்புறத்தில் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் ஏறும் விருந்தாளி என்ன செய்வார்? கைக்கு முதலில் அகப்படுவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டர். அதைப் பிடித்து ஒரே இழுப்பு. வைண்டரின் கழுத்திலுள்ள நுண்பற்கள் மழுங்குவதற்கு முரட்டு விருந்தாளிகள் நாலு பேர் போதும். ஒவ்வொரு இழுப்பும் இவருக்குக் கடைவாய்ப் பல்லில் விழும். அதனால் விருந்தாளியைத் தாமே கைலாகு கொடுத்து உட்கார வைத்து, வெளியிலிருந்து தாமே கதவைச் சாத்தி, வண்டியைச் சுற்றி வந்து ஏறுவார். பழைய காலத்துப் பண்பாடு தெரிந்த மனிதர் என்று ஊரில் பெயர்.

தேவை ஒரு சாண் நீளக் கைப்பிடி, கதவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ. ஊர் மெக்கானிக்கிடம் விட்டால் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவார். அதனால்தான் விடவில்லை.

முதலில் தீர்க்க வேண்டியது தத்துவப் பிரச்சினை. இந்த வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது கைப்பிடி இருந்ததா? இவர் கதவுகளில் இப்போது இருக்கும் அட்டை, முந்தைய உரிமையாளர் தாமே வெட்டி ரெக்சின் ஒட்டியது. அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எனவே விளம்பரத் தாள், உதிரிபாகப் பட்டியல், யாரோ எவருடைய கல்யாணத்திலோ எடுத்த மங்கிய புகைப்படம் என்று பாடபேதம் பார்க்கத் தொடங்குகிறார். பழைய கார்ச் சங்கத்து நண்பர்கள் இரு கட்சி. கைப்பிடி மூலத்திலேயே உண்டு என்பது ஒரு கட்சி. சுத்தமான இடைச்செருகல் என்பது இன்னொன்று. இடைச்செருகல் கட்சிக்காரர்கள் எம்.ஜி.பி.க்கு முன்னால் வந்த எம்.ஜி.ஏ.வைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 1955 முதல் 1962 வரை வந்த அந்தத் திறந்த வண்டிக்கு வெளிக் கைப்பிடியே கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. பக்கத் தடுப்பை விலக்கிக் கையை உள்ளே விட்டு, ஒரு கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். "ஒரு கயிற்றோடு நம் பெரியவர்கள் வாழ்ந்தார்கள்" என்று அந்தக் கட்சியின் தலைவர் சொல்லும்போது கேட்பவருக்குக் கண் கலங்கும். அவர் போன வருஷம்தான் தம் வண்டியில் பவர் ஸ்டியரிங் போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

எதிர்வீட்டுக்காரர் ஜெர்மன் பக்தர், போர்ஷே 911 வைத்திருப்பவர். அவர் கதை நேர் தலைகீழ். 1973 மாடலாக வந்த கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற வண்டி, பந்தய அனுமதிக்கு 500 செய்தால் போதும் என்று தொடங்கி, கேட்பவர் பெருகியதால் 1,580 வரை போனது. அதில் எடை குறைத்த சுமார் 200 வண்டிகளில் ஒழுங்கான கதவுக் கைப்பிடி, கைத்தாங்கி எதுவும் கிடையாது. ஒரு வார்ப்பட்டை தொங்கும், அதை இழுத்தால் கதவு திறக்கும். இன்றைக்குச் சாதாரண 911 வைத்திருப்பவர்களெல்லாம் நல்ல கைப்பிடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுக் காசு கொடுத்து அந்த வாரை வாங்கி மாட்டுகிறார்கள். எதிர்வீட்டுக்காரரும் மாட்டினார். கதவுக்கு எவ்வளவு எடை குறைந்தது என்று தராசில் போட்டுக் காட்டினார். வண்டியில் ஏறி உட்காரும் தொந்தியை யாரும் தராசில் போடச் சொல்லவில்லை.

கைப்பிடி வேண்டும் என்ற கட்சி கடைசியில் ஒரு ஓட்டில் ஜெயித்தது. அந்த ஓட்டு இவருடையது.

அடுத்து, வாங்குவது. பட்டியலைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தால் இரண்டு நாளில் புத்தம் புதிது வீட்டுக்கு வரும். அது நகல், இவருக்கு ஆகாது. எனவே செப்டம்பரில் ஹாம்ப்ஷயரின் பியூலி ஊருக்குப் பயணம். அங்கே 1967 முதல் நடக்கும் பழைய உதிரிபாகச் சந்தையில், கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளியில் துருவைப் பரப்பி வைத்து விற்பார்கள். மழையில் நனைந்து, சேற்றில் நடந்து, ஒரு பிஸ்கட் டப்பாவின் அடியிலிருந்து ஒரு ஜோடிக் கைப்பிடியைக் கண்டெடுத்தார். புதியதன் விலையைப்போல இரண்டு மடங்கு. வீட்டில் துடைத்து அளந்தபோது, ஒன்றைவிட மற்றொன்று கால் அங்குலம் நீளம். "இதில் ஒன்று அலமாரிக் கைப்பிடி. எங்கம்மா வீட்டுச் சமையலறையில் இதே மாதிரி ஆறு இருந்தது" என்று மனைவி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். எது அலமாரி, எது எம்.ஜி. என்பதை மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை. பிறகு தபாலில் நகல் வந்தது. அதைப் பற்றி இவர் பேசுவதில்லை.

வேலை தொடங்கியது. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, வைண்டரைக் கழற்றி, அதன் ஸ்க்ரூவோடு காலி முட்டை அட்டையில் முதல் குழியில் வைத்தார். உள்தாழ்ப்பாளைச் சுற்றிய தகடு இரண்டாம் குழி. கதவு அட்டையைச் சுற்றியுள்ள ஸ்பிரிங் கிளிப்புகளை நெம்பினார். கிளிப் வரவில்லை, அட்டையின் மூலை வந்தது. ஹார்ட்போர்டு அரை நூற்றாண்டு ஈரத்தில் ஊறினால் ரொட்டியாகிவிடும். உள்ளே கிழிந்த பிளாஸ்டிக் தாள், அதற்கும் உள்ளே கதவின் வயிறு. தண்ணீர் வடிவதற்குக் கதவின் அடியில் விட்டிருந்த துளைகள் சருகால் அடைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சருகுக்குள் ஒரு பழைய பென்னி, 1971இல் செல்லாமல் போன கணக்கைச் சேர்ந்தது. தங்கப் புதையல் கிடைத்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

கதவின் இரும்பில் ஏற்கெனவே ஏகப்பட்ட ஓட்டைகள். சில தொழிற்சாலையுடையவை, மீதி முந்தைய உரிமையாளருடையவை. இந்த முந்தைய உரிமையாளர் என்ற ஆசாமியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய கார் உலகத்தில் சைத்தானுக்கு வேலையே இல்லை, எல்லாப் பாவத்தையும் இவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியவர் அவர். துருவை வெட்டி எறியாமல் மேலே பட்டி பூசியவர் அவர். ஸ்டீரியோ ஸ்பீக்கருக்காகக் கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் வெட்டியவரும் அவரே. அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. வண்டியை விற்றபோது கை குலுக்கியவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார் என்பார்கள். குற்றவாளி அவருக்கும் முந்தைய உரிமையாளராக இருக்கும்.

தாமும் அப்படியொரு முந்தைய உரிமையாளர் ஆகிவிடுவோமோ என்பதுதான் இவருடைய பயம். துளை போட்டால் போட்டதுதான். பெயின்ட் தப்பானால் சுரண்டலாம், போல்ட் தப்பானால் மாற்றலாம். ஓட்டையை யாரும் கழற்ற முடியாது. நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிறவன் அட்டையைப் பிரித்துப் பார்த்து, "எந்தக் கபோதி இதைப் போட்டான்?" என்று கேட்பானே! "புதுக் கதவே கிடைக்கிறதாமே" என்றார் மனைவி. உண்மைதான். பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து 1988 முதல் எம்.ஜி.பி.க்கு முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்கிறார்கள், கதவு எம்மாத்திரம்? ஆனால் புதுக் கதவிலும் ஓட்டை இவர்தான் போட வேண்டும்.

அரசாங்கத்தின் நினைப்பும் வந்தது. 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. 2018 மே முதல் வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலிருந்தால். விதியில் சேஸி, அச்சு, எஞ்சின் என்றுதான் போட்டிருக்கிறது, கதவுப் பிடியைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. இவர் அந்தத் தாளை அச்செடுத்து, 'கைப்பிடி' என்று தலைப்பிட்ட கோப்பில் சேர்த்திருக்கிறார்.

ஸ்க்ரூவிலும் லேசில் விடவில்லை. அந்தக் காலத்து ஆங்கில வண்டியில் இருப்பது பொசிடிரைவ் தலை. நான்கு கோண நட்சத்திரமாகத் தெரிந்தாலும் அது ஃபிலிப்ஸ் அல்ல. ஃபிலிப்ஸ் திருப்புளியை வைத்துத் திருகுகிறவன்தான் முந்தைய உரிமையாளராக மாறுகிறான். நீளமும் முக்கியம். கதவின் வயிற்றுக்குள்தான் கண்ணாடி இறங்குகிறது, ஸ்க்ரூ ஒரு நூல் அதிகமானால் கண்ணாடியில் கோடு விழும். கண்ணாடி ஓடும் இடைவெளியைக் குச்சி விட்டு அளந்தார். பழைய சீரியல் டப்பாவை வெட்டி மாதிரி செய்தார். அதை உணவு மேஜையில் கிடக்கும் வெறும் கதவு அட்டைமேல் வைத்து, அரை அங்குலம் மேலே, அரை அங்குலம் கீழே என்று நகர்த்தினார். தபால்காரர் கீழே என்றார். மாப்பிள்ளை மேலே என்றார். மாப்பிள்ளை எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர், அவர் வாக்கு செல்லாது. வீட்டார் அந்தக் குளிர்காலம் முழுக்க மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள்.

துளை போட்டது ஒரு சனிக்கிழமை. பெயின்டர் டேப் ஒட்டி, பென்சில் குறி போட்டு, பஞ்ச் வைத்து ஒரு தட்டுத் தட்டி, டிரில்லை அழுத்தினார். முடிந்தது. முழுதாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டு கதவும் ஆயிற்று, கைப்பிடிகள் கச்சிதமாக உட்கார்ந்தன. மனைவியை உள்ளே உட்கார வைத்தார். அவர் கைப்பிடியை இழுக்க, கதவு 'டக்'கென்று சாத்திக்கொண்டது. சங்கத்து நண்பர்கள் கைதட்டினார்கள். இடைச்செருகல் கட்சித் தலைவர்கூட லேசாக.

அதன் பிறகுதான் முட்டை அட்டையின் முதல் குழியிலிருந்து வைண்டரை எடுத்து மாட்டினார். அரைச் சுற்றுச் சுற்றியதும் வைண்டரின் குமிழ் புதுக் கைப்பிடியில் போய் 'ணங்' என்று இடித்து நின்றது. மறுபக்கம் சுற்றினார். அங்கேயும் 'ணங்'. அளந்ததெல்லாம் வைண்டர் கதவில் இல்லாதபோது அளந்தது.

கராஜில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கைப்பிடியைக் கொஞ்சம் இறக்கிப் போட்டால் தீர்ந்தது என்றார் எதிர்வீட்டுக்காரர். இறக்கினால் கதவுக்கு இன்னும் இரண்டு ஓட்டை. இவர் அவரைப் பார்த்த பார்வையில் ஜெர்மனியே தலைகுனிந்தது.

"அதெல்லாம் வேண்டாம். கண்ணாடி நாலு விரல் இறங்குகிறது, நாலு விரல் ஏறுகிறது. எம்.ஜி.ஏ.வில் அதுகூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, உதிரிபாகப் பட்டியலில் கட்டை வைண்டர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.