கூடம் கோணல்: ஆடும் ஸ்டூலின் இயல்பு குறித்து ஓர் ஆய்வு

பொழுதுபோக்குத் தச்சர் என்பவர் யார்? ஐம்பது ரூபாய் ஸ்டூலுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு உளி வாங்குபவர் என்பது வீட்டார் தரும் வரையறை. ஆய்வுக்கு இது உதவாது; உளியின் விலையைக் குறைத்துச் சொல்கிறது. அவர் மனத்தில் எப்போதும் மூன்று பொருள்கள் உருவாகிக்கொண்டிருக்கும்: டவ்டெயில் மூட்டுப் போட்ட இழுப்பறைகளோடு ஒரு தேக்கு மேசை, கூடத்துக்கு ஊஞ்சல், இன்னும் பிறக்காத பேரனுக்கு நடைவண்டி. கையில் இருப்பது ஒன்றே. அது ஆடும்.

முதலில் சொல்லாராய்ச்சி. இருக்கைகளுக்குக் காலை எண்ணிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. முக்காலி என்றால் மூன்று கால், நாற்காலி என்றால் நான்கு. எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவை ஒரே தளத்தில் அமையும் என்பதால், எவ்வளவு கோணலாக அறுத்தாலும் முக்காலி சாயுமே தவிர ஆடாது. அடுப்புக்கு மூன்று கல் வைத்தவர்களுக்கும் நடைவண்டிக்கு மூன்று சக்கரம் போட்டவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. நாற்காலி என்ற சொல்லோ நான்கு கால் உண்டு என்று மட்டும்தான் உறுதி கூறுகிறது. நான்கும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் என்று எங்கும் சொல்லவில்லை. ஸ்டூல் என்ற இரவல் சொல் கால்களின் எண்ணிக்கையையே மறைத்துவிடுவதால் அதை மேலும் சந்தேகத்தோடு அணுக வேண்டும்.

இலக்கியச் சான்றும் உண்டு. புறநானூற்றின் 87ஆம் பாடலில், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த சக்கரத்துக்கு அதியமான் நெடுமான் அஞ்சியை ஒப்பிடுகிறார் ஔவையார். அங்கே சக்கரத்தைக் குறிக்கும் சொல் ‘கால்’. ஒரு காலுக்கு ஒரு மாதம் என்று இவ்வாய்வாளர் அப்பாடலை வீட்டில் மேற்கோள் காட்டியபோது, அவனுக்கு எட்டுத் தேர் முடித்த அனுபவம் இருந்ததே என்று எதிர்வாதம் வந்தது. எதிர்வாதத்தின் வலு கருதி அது இங்கே பதிவு செய்யப்படுகிறது.

ஆய்வுப் பொருள்: மாமரத்தில் செய்த ஸ்டூல் ஒன்று. உயரம் 18 அங்குலம். பரண் மேலுள்ள பித்தளை அண்டாவை எட்டுவதற்காகச் செய்யப்பட்டது. குழப்பம் நேராதிருக்கக் கால்களுக்கு வாஸ்து முறைப்படி ஈசானி, அக்கினி, கன்னி, வாயு என்று பெயரிடப்பட்டது. அக்கினியும் வாயுவும் தரையில் ஊன்றி நிற்க, ஈசானியும் கன்னியும் மாறி மாறி மிதந்தன.

ஏன்? மழைதான் காரணம் என்பது முதல் கருதுகோள். ஐப்பசி ஈரத்தில் மரம் ஊதும் என்பது யாரும் மறுக்காத உண்மை. ஆனால் மரம் ஊதுவதும் சுருங்குவதும் நாரின் குறுக்கே. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்தை வெட்டும் திசையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நாரின் நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆகவே மழை இருக்கைப் பலகையை வளைக்கலாம், காலை நீட்டாது. இவ்வளவு நல்ல சாக்கு இவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போனதில் இவ்வாய்வாளருக்கு வருத்தமே.

இரண்டாவது கருதுகோள்: தரை சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி கேலி செய்கிறது. கணிதமோ அவள் பக்கம் நிற்கிறது. ரோஜர் ஃபென் 1970இல் மேசைத் தேற்றம் ஒன்றை வெளியிட்டார். செர்ன் ஆய்வுக்கூடத்தின் இயற்பியலாளர் ஆந்த்ரே மார்த்தேன் 2005இல் இதே சிக்கலைக் கையில் எடுத்தார். சாரம் இதுதான்: மேடுபள்ளமான தரையில் ஆடும் சதுர மேசையை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பினால், கால் சுற்று முடிவதற்குள் நான்கு கால்களும் ஊன்றும் ஒரு நிலை வரும். தரை திடீரென்று படிபோல முறியக் கூடாது, சரிவும் அளவோடு இருக்க வேண்டும். இவ்வாய்வாளர் ஸ்டூலை முழுச் சுற்றாகவே நான்கு முறை திருப்பினார். தலை சுற்றியது. ஸ்டூல் ஆடியது. தேற்றத்தில் மேசையின் கால்கள் ஒரே நீளம் என்ற நிபந்தனையும் இருப்பது பிறகுதான் கண்ணில் பட்டது.

மிஞ்சியது மூன்றாவது கருதுகோள். அதை எழுதக் கை கூசுகிறது. எதிரெதிர்க் கால்களின் நீளத்தைக் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகைகளும் சமமானால் ஸ்டூல் ஆடாது. 18, 17, 16, 17 அங்குலக் கால்கள்கூடச் சாய்வாக, ஆனால் ஆடாமல் நிற்கும். தொகைகளின் வித்தியாசமே மிதக்கும் காலுக்கும் தரைக்கும் இடையே தெரியும் சந்து. நம் ஸ்டூலில் அது அரை நூல். (தச்சு அளவில் எட்டு நூல் ஓர் அங்குலம்.) அக்கினியில் அரை நூல் எடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

எடுக்க முடியாது. ரம்பத்தின் பற்கள் இடமும் வலமும் விரிந்திருப்பதால் தகட்டின் கனத்தைவிட அதிகமாகவே அது மரத்தைத் தின்னும். அரை நூலை அறுக்கப் போய் ஒரு நூல் போயிற்று. இப்போது ஈசானியும் கன்னியும் ஊன்ற, மற்ற இரண்டும் மிதந்தன. பதினோராவது அறுப்பில் வாயு பிளந்தது. மூன்று அங்குலம் போனது. நியாயம் கருதி மற்ற மூன்று கால்களிலும் மூன்று அங்குலம். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்டூலின் உயரம் 14 அங்குலம் 2 நூல். அண்டாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

எதிர்வீட்டுக் கதவு வேலைக்கு வந்திருந்த ஆசாரி வாசலில் நின்று பார்த்தார்.

“ஒவ்வொரு காலா வெட்டுனா விடியுற வரைக்கும் வெட்டலாம் சார்.”

“வேற எப்படிண்ணே?”

ஸ்டூலை வாங்கி, சமமான பிளைவுட் துண்டின் மேல் நிறுத்தினார். மேலே ரசமட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வரும் வரை குட்டைக் கால்களுக்கு அடியில் சீட்டுக்கட்டு அட்டைகளைச் சொருகினார். சின்னக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, கட்டையைப் பலகையோடு ஒட்டி நகர்த்தி நான்கு கால்களையும் சுற்றிக் கோடு போட்டார். எல்லாக் கோடும் ஒரே மட்டம். கோட்டுக்கு வெளியே அறுத்து, ஓரம் சில்லு பெயராதபடி வெளியிலிருந்து உள்நோக்கி இழைப்புளியை ஓட்டினார். பத்து நிமிடம்.

“எவ்வளவு எடுத்தீங்கண்ணே?”

“ஒரு நூலு, ரெண்டு நூலு. அவ்வளவுதான் சார்.”

தச்சு பற்றி இவ்வாய்வாளரின் அலமாரியில் ஏழு நூல்கள் உண்டு. ஆசாரி கூலி வேண்டாம் என்று டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பிளைவுட் மேல் கல் போல நின்ற ஸ்டூலைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்தால், ஆடியது. டைல்ஸ் ஒன்று சற்றே தூக்கலாகப் பதிக்கப்பட்டிருந்தது. அதாவது, கூடம் உண்மையாகவே கோணல். டைல்ஸ் விளிம்பு போன்ற படிக்குத் தேற்றம் பொறுப்பேற்காது என்று தெரிந்தும் மெல்லத் திருப்பிப் பார்த்தோம். கால் சுற்றுக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டது.

இப்போது அதில் உட்கார்ந்துதான் அவரைக்காய் நறுக்குகிறார்கள். கன்னிக் கால் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும்; தரையில் சாக்பீஸால் குறி போட்டிருக்கிறது. தரை துடைத்த பிறகு திரும்பப் போட வேண்டும்.